முப்பத்தேழரைக் குடை

ஒருவர் குடை விற்கிறார்.
கடை வாடகை அறுநூறு ரிங்கிட்.
குடை ஒன்றின் அடக்கம் ஒன்பது, விலை இருபத்தைந்து.
எத்தனை விற்றால் நட்டமுமில்லை, இலாபமுமில்லை?

முப்பத்தேழரை என்று எழுதினேன்.
புவான் ரொஹாயா சிவப்பு மையில் கேட்டிருக்கிறார்:
"அரைக் குடையை யார் வாங்குவார்?"
ஒரு மதிப்பெண் போயிற்று.

அறுநூறு ரிங்கிட்டுக்கு
மஸ்ஜிட் இந்தியாவில்
படிக்கட்டுக்கு அடியில்கூட இடம் கிடைக்காது, புவான்.
பகலில் அங்கேதான் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறேன்.
கேள்வித்தாளில் வாடகை ஏறுவதில்லை.
எக்ஸ் ஒருநாளும்
"அடுத்த மாசம் தர்றேன் அக்கா" என்று
புடவையோடு போவதில்லை.

எட்டரைக்கு வகுப்பு விட்டது. மழை.
மஸ்ஜிட் ஜாமெக் நிலைய வாசலில்
பத்து ரிங்கிட் குடைக்காரன் பதினைந்து என்றான்.
இடி விழுந்ததும் பதினெட்டு.
தேவைக்கோடு வலப்பக்கம் நகர்வதை
அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்;
வகுப்பில் அது வெறும் அம்புக்குறி.
என் பர்ஸில் பதினொன்று.
கோட்டிலிருந்து கழன்று விழுந்த புள்ளியாய்
தூணோரம் ஒதுங்கி நின்றேன்,
கால்குலேட்டரைச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு.
ஏற்கெனவே அதில் ஏழு சரியாக அழுந்தாது.

யோகவாணி வந்தாள்,
கம்பி ஒன்று முறிந்த குடையோடு.
அவளுக்கு இடத்தோள் நனைய
எனக்கு வலத்தோள் நனைய
தண்ணீர் ஓடும் சாலையைத் தாண்டினோம்.

அரைக் குடைக்கு ஆள் இருந்தது, புவான்.
அன்றைய விலை இரண்டு ரிங்கிட் எண்பது சென்:
மூலைக்கடையில் அவள் குடித்த தே தாரிக்,
சீனி குறைச்சல்.