நறநற

முதலில் பழைய பத்திரிகை விரித்தேன்.
விடிவதற்குள் மரண அறிவித்தல் பக்கத்தை முடித்து
விளையாட்டுச் செய்தியில் இருந்தது கச்சாங்.
முட்டை வந்த அட்டை இரண்டு நாள் தாங்கியது.
ரப்பர் விரிப்பு வாங்கினேன், பதினெட்டு வெள்ளி.
"ரப்பர் தின்றால் குடல் அடைத்துவிடும்"
என்றாள் பீடோர் கிளினிக்கில் அந்தச் சீன டாக்டர்.
எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக
ரப்பரில்தான் சாப்பிட்டோம் என்று சொல்ல வந்து
சும்மா தலையாட்டினேன்.

சம்பால் தடவிப் பார் என்றாள்
பக்கத்து வீட்டு ரொகாயா.
அதையும் தின்றுவிட்டு
என்னைப் பார்த்துத் தும்மியது.

இரவு மூன்று மணி.
கூண்டில் நறநற.
கட்டிலிலும்.
செம்பனை ஆலையில் புது மேனேஜர் வந்ததிலிருந்து
இவருக்கும் இப்படி.
பல்லுக்குப் போடச் சொல்லிக் கொடுத்த உறையை
எட்டே வாரத்தில் ஓட்டையாக்கிவிட்டார்.
கேட்டால், ஒன்றுமில்லை,
நீ பசியாறினாயா என்பார்.

முயலுக்குப் பல் நிற்காமல் வளருமாம்.
கடிக்காதே என்றால் கேட்காது,
கடிக்க ஏதாவது கொடுக்க வேண்டுமாம்.
மருந்தடிக்காத மரமா என்று கேட்டு
கொய்யாக் கிளை ஒன்று ஒடித்து வந்தேன்.
கழுவிப் போட்டேன், கொஞ்சம் காய்ந்த புல்லும்.
கச்சாங் விரிப்பை விட்டுவிட்டது.
முழுசாக இல்லை,
ஒரு மூலையை மட்டும், மரியாதைக்கு.

இப்போது வீட்டில் ஒரு சத்தம்தான்.
இருட்டில் அவர் தாடையில் விரல் வைக்கிறேன்,
உள்ளே ஏதோ அரைபடுகிறது.
விடியட்டும், கேட்கிறேன்:
யார் பெயரைக் கடித்துக்கொண்டிருக்கிறீர்கள்,
வாய்விட்டுச் சொன்னால் என்ன?