மூச்சு புகாத மரம்

பதினோரு வங்குகள் முறிந்திருந்தன.
படகுக்குள் குப்புறப் படுத்து
டார்ச் அடித்து எண்ணினேன், பிறகு நம்பாமல்
விரலால் தடவி மறுபடி.
இடப்பக்கம் ஏழு. வலப்பக்கம் நான்கு.
எல்லாம் ஒரே இடத்தில்,
படகின் வயிறு மேலே திரும்பும் வளைவில்.

அறுபத்து மூன்றில் கட்டிய சின்னப் பாய்ப்படகு.
ஊர் திரும்பிய டச்சுக்காரர் ஒருவர்
ராசல் கைமா கிளப்பில்
வாடகை பாக்கியோடு விட்டுப்போனது.
அறுநூறு திர்ஹம்.
ரொடேல் முந்நூறு, நான் முந்நூறு.
இரண்டு பேருக்கும் நீச்சல் தெரியுமா என்று
அங்கே யாரும் கேட்கவில்லை.

மரக்கடையில் ஸர்வலி முதலில் தேக்கைக் காட்டினான்.
தேக்கு நல்லதுதான். சிம்மாசனத்துக்கு.
ஆவியில் எவ்வளவு வேகவைத்தாலும்
முறியுமே தவிர முதுகு வளையாது.
அடுத்தது கருவேலம்,
பிறக்கும்போதே வளைந்து பிறந்த கிளைகள்.
பெரிய தோணிக்காரர்கள் தேடி வந்து வாங்குவார்களாம்.
என் படகுக்கு அதைப் போட்டால்
படகு அதைச் சுமப்பதற்கே சரியாக இருக்கும்.

ஓக் இருக்கிறதா?
இருந்தது. இரண்டு.
வெள்ளை ஓக்கா சிவப்பு ஓக்கா என்றால்
ரசீதில் ஓக் என்று மட்டும் போட்டிருக்கிறது என்றான்.
இழைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே பழுப்பு.

ஆளுக்கொரு துண்டு அறுக்கச் சொன்னேன்.
அவனுடைய டீ கிளாஸில் சோப்புத் தண்ணீர்.
ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து
மறு முனையில் வாய் வைத்து ஊதினேன்.
முதல் துண்டில் நுரை பொங்கி மேசையில் வழிந்தது.
ஸர்வலி சிரித்தான், கடைப்பையனைக் கூப்பிட்டுக் காட்டினான்.
இரண்டாவதில்
கன்னம் வலிக்க ஊதியும்
ஒரு குமிழ் இல்லை.

அதுதான். மூச்சு புகாத மரத்தில் கடலும் புகாது.
ஏதோ ஜெனரேட்டருக்கு அடியில்
முட்டுக்கட்டையாகக் கப்பலேறி வந்தது,
சூளையைப் பார்க்காதது, உள்ளே ஈரம் இன்னும் மீதி.
ரேகை இந்த முனையில் புறப்பட்டு
அந்த முனைவரை பேச்சு மாறாமல் போகிறது.
நாற்பது கேட்டான். முப்பத்தைந்து கொடுத்தேன்.

பகலில் என் வேலை நெஞ்சுகளைப் படமெடுப்பது.
விசாவுக்கு வந்த பெண்களின் வரிசை.
வளையல், சங்கிலி, சிலர் தாலி,
கழற்றித் தட்டில் வைத்துவிட்டு
குளிர்ந்த பலகையில் மார்பை ஒட்டிக்கொள்வார்கள்.
ஆறு மொழியில் மூன்றே வார்த்தை எனக்கு:
இழு. பிடி. விடு.

மறுநாள் மட்டக்களப்புக்காரி ஒருத்தி.
இழு என்றேன். பிடி என்றேன். படம் விழுந்தது.
திரையில் அவள் விலா வரிசையைப் பார்த்தபடி
முக்கால் அங்குலமா அரை அங்குலமா என்று
பலகையை மனசுக்குள் அறுத்துக்கொண்டிருந்தேன்.
"அக்கா, விடலாமா?"
மூச்சை அடக்கிக்கொண்டே கேட்கிற குரல் அது,
நூல் மாதிரி.

தேறினாளா என்று எனக்குத் தெரியாது.
நிழல் பார்ப்பது டாக்டர்.
முடிவு வேறு கட்டடத்துக்குப் போகும்.

வெள்ளிக்கிழமை ஏசி டக்ட் தகரத்தில் பெட்டி செய்து
நாற்பது நிமிடம் ஆவி கட்டினோம்.
கையுறையோடு உருவி எடுத்தால் பத்து விநாடிதான்,
அதற்குள் வளைய வேண்டும்,
பிறகு அது மறுபடி மரம்.
முதல் வங்கு வேர்க்கடலை ஓடுபோல் உடைந்தது.
இரண்டாவதை ரொடேல் மிதிக்க,
இழு, பிடி, என்று கத்தினேன்.
போல்ட் இறுகியது.
பிடித்தபடியே நின்றான் பாவம்,
முகமெல்லாம் சிவந்து,
நான் விடு என்று சொல்லும்வரை.

பன்னிரண்டு வளைத்தோம், ஒன்று உபரி.
சமையலறைச் சுவரில் சாய்ந்திருக்கிறது
எதையும் தாங்காமல்.
படகு இன்னும் தண்ணீரைப் பார்க்கவில்லை.
நீச்சல் வகுப்பு செவ்வாய்க்கிழமை தொடங்குகிறது.