கழற்றி மாட்டுவது

வாங்கும்போதே அது வண்டியோடு வண்டியாக இருந்தது.
நாற்பத்தைந்து லிட்டர் பெட்டி.
உள்ளே நாலு போல்ட்டு, அடியில் நாலு நட்டு.
நட்டைத் தொட வேண்டுமானால்
சீட்டைக் கழற்று, பக்கத் தகட்டைக் கழற்று,
கடைசியில் பொறுமையைக் கழற்று.

லாட்ஜில் தங்கினால்
பெட்டி கீழே மழையில் தூங்கும்.
அதற்குள் இருந்ததெல்லாம்
ஜவுளிக்கடைப் பைகளில் மாடியேறும்.
செண்பகம் வண்டியில் ஏறுவது தனிக்கதை.
பெட்டிக்கும் என் முதுகுக்கும் நடுவே
ஊசியில் நூல் கோக்கிற மாதிரி
காலைக் கோக்க வேண்டும்.
புளியரை வளைவில் ஒருநாள்
முட்டி பிசகி உட்கார்ந்துவிட்டாள்.
"இது பெட்டியா, எனக்கு இன்னொரு மாமியாரா?"

செய்யது மசூது அளந்தார்.
பென்சிலைக் காதில் செருகினார்.
மறுபடி அளந்தார்.
ஆறு மில்லி அலுமினியத் தகடு,
முன்னால் கொக்கியில் நுழைகிற இரண்டு நாக்கு,
பின்னால் ஒரே ஒரு பின்.
அதன் வளையத்தில் விரலைவிட்டு இழுத்தால் போதும்.
இடையில் ரப்பர் வாஷர்,
இல்லாவிட்டால் மலை ஏறும்போது
பெட்டி பல்லைக் கடிக்குமாம்.
பிரேக் விளக்குக்கு ஒரு கப்ளர்.
"ஒயரை மறந்துட்டு இழுத்துராதீங்க."

கூலியைச் சொல்லத் தயங்கி
வேறொன்று சொன்னார்:
"இதென்ன பெரிய வேலை?
ஐம்பத்தாறுல இந்த ஊரையே
அந்தப் பக்கமிருந்து கழட்டி
இந்தப் பக்கம் மாட்டுனாங்க.
ஒரு நட்டாவது மிஞ்சிருக்கும்னு
வாப்பா கடைசிவரை தேடுனாரு."

முதல்நாள் நாற்பது நொடி.
செண்பகம் கைபேசியில் நேரம் பார்க்க
ஞாயிற்றுக்கிழமைக்குள் பதினொன்று.
பெட்டியில்லாத வண்டியைப் பார்த்தால்
முடி வெட்டிவந்த பிடரி மாதிரி,
கூச்சமாக இருந்தது.

ஆரியங்காவு செக்போஸ்ட். ஆடிச் சாரல்.
மழைக்கோட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்:
"பெட்டி ஊரு."
"செங்கோட்டை" என்றேன்.
"ஊரு, ஊரு."
"செங்கோட்டைதான் சார். கீழூர்."
செண்பகம் முதுகில் இடித்தாள்.
"கழட்டச் சொல்றாருங்க."

இறங்கினோம். வளையம், விரல், பதினொரு நொடி.
பெட்டியைக் கையில் ஏந்தி
பரிசு வாங்க மேடையேறிய பையனாக நின்றேன்.

அவர் பெட்டியைத் திறக்கவேயில்லை.
பின்னைப் பார்த்தார். கொக்கியை விரலால் தடவினார்.
"எந்தினா இத்ர எளுப்பம்?"

ரேஷன் அரிசி போன வழி இது,
ஸ்பிரிட்டு போன வழி.
சட்டென்று கழல்கிற எதுவும்
எங்கோ சட்டென்று கைமாறும் என்று
படித்து வைத்திருக்கிற கண்கள்.
லாட்ஜ், ஜவுளிக்கடைப் பை, பல்லைக் கடிக்கிற தகடு
எதற்கும் எனக்கு மலையாளம் வரவில்லை.

செண்பகம்தான்
வெறும் வண்டியில் காலை வீசி ஏறிக் காட்டினாள்.
இறங்கினாள்.
பெட்டியை மாட்டச் சொல்லி, ஏற முயன்று,
பாதியில் நின்று முட்டியைத் தொட்டுக் காட்டினாள்.
மழையில் நாலு லாரிக்காரர்கள் பார்த்தார்கள்.

அவர் தானே ஒருமுறை கழற்றினார்.
மாட்டினார், சிக்கவில்லை.
மூன்றாம் முறை 'க்ளிக்'.
அந்தச் சத்தத்துக்கு அவர் முகத்தில் ஒன்று
வந்து போனது.
செய்யது மசூதின் பெயரையும் எண்ணையும்
நோட்டில் எழுதிக்கொண்டார்.
புகாருக்கா, ஆர்டருக்கா,
கேட்கத் துணியவில்லை.

தென்மலை வரைக்கும்
பெட்டியின் சிவப்பு விளக்கு எரியவில்லை.
கப்ளரை மாட்ட
மூன்று பேருமே மறந்திருந்தோம்.