புள்ளி வரி

இந்த ஊரில் இரண்டு பேர் முதன்முதலாய்ச் சந்தித்தால்
பேருக்கு அடுத்த கேள்வி
எந்தக் கோயில்?
எனக்கு அந்த ஒன்பதில் ஒன்றும் இல்லை.
அப்பா அறந்தாங்கியிலிருந்து பஸ் ஏறி வந்தவர்.

ஆனால் கழனிவாசலில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே,
முட்டை அட்டை ஒட்டிய என் அறைக்கு
யார் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வந்தாலும்
நானும் ஒன்று கேட்பேன்:
ஆரஞ்சா, சாம்பலா?

ஐகானின் நிறம்தான் குலம்.
ஆரஞ்சு என்றால் டீ வரும்.
சாம்பல் என்றால் தண்ணீர் வரும்.
கேன் தண்ணீர்தான், குறை சொல்ல முடியாது.

ஆறு வருஷம் திருட்டுக் காப்பியில் ஓட்டினேன்.
தேவகோட்டை ரஸ்தாவில் ஒருவன் பென் டிரைவில் தந்தது,
நாற்பது ரூபாய், வைரஸ் இலவசம்.
அப்போது எனக்குப் பக்தி கிடையாது.
பதினேழு கல்யாண வீடியோவுக்கு இசை போட்ட காசில்
நிஜமாக வாங்கினேன்.
மெயிலில் வந்த இருபத்துநாலு எழுத்தை
அச்செடுத்து லேமினேட் செய்யக் கொடுத்தேன்.
"பத்திரமாண்ணே?" என்றது ஜெராக்ஸ் கடை மெய்யம்மை.
கிட்டத்தட்ட, என்றேன்.

அன்றிலிருந்து அதன் குறை என் கண்ணில் படவில்லை.
உறைந்து நின்றால் லேப்டாப்பைத் திட்டினேன்.
சத்தம் கொரகொரத்தால் மின்வாரியத்தை.
பாடுகிறவள் சுருதி விலகினால்
சாம்பல்காரர்களை.

அடைக்கலமும் ஆரஞ்சுதான்.
பன்னிரண்டு வருஷம் ஒரே ஷார்ட்கட், ஒரே வண்ணம்:
தவில் சிவப்பு, குரல் மஞ்சள்.
போன ஆவணியில் நூறடி ரோட்டில் தனியாகக் கடை போட்டான்.
கையில் சர்க்கரைப் பொங்கல் தந்தான்,
திரையில் சாம்பல்.
"இதுல மிக்ஸ் கொஞ்சம் விரிஞ்சு கேக்குதுடா."
காதுக்கா கண்ணுக்கா என்றேன்.
படியிறங்கும்போது பொங்கலைக்
கைப்பிடிச் சுவர்மேல் வைத்துவிட்டு வந்தேன்.

மாசிக் கடைசி. முத்துமாரி பால்குடப் பாட்டு.
விடிந்தால் மைக்செட்காரர் வந்து நிற்பார்.
ராத்திரி ஒன்றரைக்கு ஆரஞ்சு சொன்னது,
உங்கள் உரிமத்தைச் சரிபார்க்க முடியவில்லை.
லேமினேட் அட்டையை எடுத்து
எழுத்தெழுத்தாய் அடித்தேன்.
ஒரு வட்டம் சுற்றியது, சுற்றியது,
வாசலில் நிற்கவைத்து
உள்ளே போய்க் கேட்டு வருவதாகச் சொன்னவர் மாதிரி.

அடைக்கலம் கைலியோடு கதவு திறந்தான்.
ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலியை என் பக்கம் தள்ளினான்.
வெட்ட அடித்தால் ஒட்டியது.
ஒட்ட அடித்தால் உடுக்கை மொத்தமும் ஊமையானது.
நாதஸ்வரத்தைத் தேடித் திறந்தேன்:
அதே வெள்ளைக்காரப் பை ஊதல்,
நோய் கண்ட வாத்தின் அதே இழுவை.
"இங்கயும் இவன்தானா?"
சிரித்தோம். ஆறு மாசமாகியிருந்தது சிரித்து.
நாலரைக்கு முடிந்தது.

காலையில் ஆட்டோவின் உச்சியில் கூம்பு ஸ்பீக்கர்.
கூம்பில் எல்லாமே தகரம்தான்.
கல்லுக்கட்டி தாண்டும்போது
பால்குடம் சுமந்த ஒரு பெண்
உடுக்கைக்குக் கால் மாற்றி வைத்தாள்.

அறைக்குத் திரும்பினால் மெயில்.
உங்கள் விசுவாசத்துக்கு நன்றி. புதிய பதிப்பு
உங்களுக்கு மட்டும் இருபது சதவீதம் தள்ளுபடி.
மெய்யம்மை போனில் பார்த்தேன்:
புதிதாய்ச் சேர்பவர்களுக்கு அறுபது.

கல்யாணம் ஆனதும் கோயிலில் ஒரு புள்ளி,
புள்ளிக்கு இவ்வளவென்று வரி.
சிங்கப்பூரில் இருந்தாலும் அனுப்பிவிடுகிறார்கள்.
வீடியோவுக்கு இசை கேட்டு வந்த வயிரவனிடம்
ஏன் என்று ஒருதரம் கேட்டேன்.
போனிலிருந்து தலை நிமிராமல்
"கட்டாட்டி நாம யாரு?" என்றான்.

அடைக்கலத்தைக் கூப்பிட்டேன்.
"வாங்காத. சித்திரையில விலை இறங்கும்."
சரி சரி என்றேன்.
பேசிக்கொண்டிருக்கும்போதே ஓடிபி வந்தது.
ஆறு எண்.
முதல் தடவையிலேயே
தப்பில்லாமல் அடித்தேன்.