அழல்

கடைசிக் குழாயில் தேசப்பன் என்று எழுதியிருந்தது.
வயது ஐம்பத்திரண்டு. கன்டெய்னர் லாரி.
துறைமுக வரிசையில் பதினான்கு மணி நேரம் நின்றுவிட்டு
நேராகத் தண்டையார்பேட்டைக்கு, எங்கள் லேப் மாடிக்கு ஏறி வந்தவர்.
ஊசி இறங்கும்போது ஜன்னலைப் பார்த்தார்.
"இன்னாம்மா, ரத்தத்துலயே தெரிஞ்சிருமா,
கை கால் இஸ்துக்குமா இஸ்துக்காதான்னு?"

தெரியும் என்று சொல்ல எனக்கு அனுமதி இல்லை.
தெரியாது என்றும்.

மெஷின் சுற்றி நின்றது. சிவப்பு கீழே, மஞ்சள் மேலே.
அந்த மஞ்சளில்தான் இருக்கிறது சி.ஆர்.பி.,
கல்லீரல் போடும் மொட்டைக் கடுதாசி:
எங்கேயோ எரிகிறது, எங்கே என்று சொல்ல மாட்டேன்.
ஈறாக இருக்கலாம். முட்டியாக இருக்கலாம்.
கழுத்து நாளத்தின் உட்சுவராகவும் இருக்கலாம்.

அழற்சி என்று தினம் அச்சடிக்கிற சொல்லுக்குள்
அழல் இருப்பதை
ஒருநாள் பஸ்ஸில், கொடுங்கையூர் தாண்டும்போதுதான் பார்த்தேன்.
குப்பை மேட்டில் சுவாலை இல்லை,
நாலு நாளாக வெறும் புகை.
மேலே தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள்.
அடியில் அது தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

ஒன்றுக்குக் கீழே நிம்மதி. மூன்றுக்கு மேலே கவனம்.
தேசப்பனுக்கு ஆறு புள்ளி இரண்டு.
எண்ணுக்குத் தேதி கிடையாது.
ஆயிரம் தேசப்பன்களை அதற்குத் தெரியும்;
இந்த ஒருவரை, குத்துமதிப்பாக.

கிட்டில் ஓர் ஆளுக்கு மருந்து மிச்சம்.
நாளையோடு காலாவதி.
கதவைச் சாத்திவிட்டு, ரப்பரின் ஒரு முனையைப் பல்லில் கடித்து
இடது கையை நானே கட்டினேன்.
பெயர் எழுதும் இடத்தில் ஒரு கோடு.

நாலு புள்ளி ஒன்பது.

போன வாரச் சளியாக இருக்கும்.
அப்படித்தான் எல்லோரும் சொல்வார்கள், இந்த நாற்காலியில்.

காலையில் அவர் வந்தார்.
"கூடவா, கொறச்சலா?"
"கூடதான். டாக்டரப் பாருங்க.
ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு தடவ எடுக்கணும்."
ரிப்போர்ட்டை நாலாக மடித்து, பீடிக் கட்டுக்குப் பின்னால் செருகினார்.
பிறகு இரண்டு கையையும் முன்னால் நீட்டி
கிரேனைச் சரிபார்ப்பதுபோல் பார்த்தார்.
"ரெண்டும் ஒரே ஒசரம்தாம்மா."
சிரித்துக்கொண்டே படி இறங்கினார்.

சத்தம் தேய்ந்ததும்
நானும் நீட்டினேன், கண்ணை மூடி.
அடுத்த ஆள் கதவைத் தட்டும்வரை
திறக்கவில்லை.