ஞாயிறு 00:25

பீடோர் பாமாயில் மில்லின் எடைப்பாலத்தில்
இருபத்தோரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன்.
குலையோடு வரும்போது ஓர் எடை,
கொட்டிவிட்டுப் போகும்போது ஓர் எடை.
முதல் எடையில் உள்ளே உட்கார்ந்திருந்த டிரைவர்
இரண்டாம் எடையில் நைசாக இறங்கி நின்றால்
தெரிந்துவிடும் எனக்கு.
பத்து கிலோ இடித்தாலும் சீட்டு எழுத மாட்டேன்.
கடவுளே லாரி ஓட்டி வந்தாலும்
இந்த ஆள் இறக்கிவிட்டுத்தான் எடை போடுவான் என்று
முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள்.
கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

அப்படிப்பட்ட நான்
ஒரு தாளைப் படிக்கவில்லை.

பஸ் நிலையத்துக்கு எதிரே
கோழிச்சோற்றுக் கடை மாடியில் குமுதவல்லியின் டிக்கெட் ஆபீஸ்.
எந்தக் கிழமை அண்ணே என்றாள்.
ஞாயிறு ராத்திரி, திருச்சிக்கு என்றேன்.
தட்டினாள்.
ஆயிரத்து நூற்று நாற்பது வெள்ளி.
சரிபார்த்துக்கோங்க என்று தாளை என் பக்கம் திருப்பினாள்.
நீ பார்த்தா சரிம்மா என்று
நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.
அதைப் பெருந்தன்மை என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை பசியாறிவிட்டுப்
பெட்டியை எடை போட்டேன்.
இருபது கிலோவுக்கு முந்நூறு கிராம் இடமிருந்தது.
கோடாலித் தைலம் இன்னும் நாலு புட்டி வைத்தேன்.
மச்சான் தவசீலன் காரில் தஞ்சோங் மாலிம் தாண்டும்போது மழை.
ஒன்பதரைக்கெல்லாம் விமான நிலையம்.

கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண்
திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
அங்கிள், என்றாள்,
சாவு சொல்ல வந்தவள்போலக் குரலைத் தாழ்த்தி.

ஞாயிறு, பூஜ்யம் பூஜ்யம் இருபத்தைந்து.
அவள் நகம் நின்ற இடத்தில் அச்சாகியிருந்தது,
என் பெயர் அளவுக்கே பெரிதாக.

எனக்குச் சனி ராத்திரி
அவர்களுக்கு ஞாயிறு.
சூரியன் பெயர் வைத்த கிழமை
சூரியன் வர ஆறரை மணி நேரம் இருக்கும்போதே
ஒரு காலி இருக்கையோடு கடல் தாண்டிவிட்டது.
அந்த நேரத்தில் நான் வீட்டில்
சட்டை மடித்துக்கொண்டிருந்தேன்.

என்ன அவசரம் என்று கேட்டாள்.
மதுரையில் கண் ஆபரேஷன் என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
தவசீலன் சிரித்துவிட்டு, இருமலாக மாற்றிக்கொண்டான்.

திரும்பும் வழியெல்லாம் குமுதவல்லியைத் திட்டினேன்.
அவள் மாடிக்குப் பதினான்கு படி.
ஏழாவது படிவரை கோபம் கூடவே ஏறி வந்தது.

ஞாயிறுன்னீங்க, ஞாயிறு போட்டேன்.
ராத்திரின்னீங்க, அதுவும் ராத்திரிதானே அண்ணே.

யாரும் பொய் சொல்லவில்லை.
கீழே கத்தி பலகையில் விழும் சத்தம் மட்டும்
கொஞ்ச நேரம் கேட்டது.

பிறகு அவளே சொன்னாள்:
எந்த ராத்திரின்னு கேட்டிருக்கணும். பாதி நான் தரேன்.

வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு
நான் நல்லவன் இல்லை.
கால் பங்கு வாங்கிக்கொண்டேன்.

புது டிக்கெட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து
வாய்விட்டுப் படித்தேன்.
பெயர். அப்பா பெயர். தேதி. எந்த ராத்திரி.
பாஸ்போர்ட் எண்ணில் கடைசி இலக்கம்
புகைக்குள் நின்றது.

இது மூன்றா, எட்டாம்மா?

எட்டு என்றாள்.

பாஸ்போர்ட்டைத் திறந்து
மூக்கருகே வைத்து
நானும் பார்த்தேன்.