இரண்டாந்தரம்

லாங்கென்தால் கடைத்தெருவில் நடைபாதை
என் முழங்காலுக்கு மேலே.
எந்த இடத்தில் எத்தனை படி என்று
இருட்டிலும் சொல்வேன்.
மருந்துக்கடை முன்னால் மூன்றாம் படி உடைந்திருக்கிறது.
பேக்கரி வாசலில் ஒரு கல் ஆடும்,
மழைக்குப் பிறகு மிதித்தால் காற்சட்டையில் துப்பும்.
பதினான்கு வருடம்
விடியப்புறம் நாலு மணிக்கு
இந்தக் கல்லோரமாய்க் கூட்டும் வண்டி ஓட்டுகிறேன்.

"ஏன் இவ்வளவு உயரம்?" என்று கேட்டார்கள்.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர்.
நடுவில் இருந்த அம்மா
கதை தொடங்குவதற்காகச் சும்மா கேட்டது.
நான் ஏழு அமைச்சர்களையும் கட்சியோடு பாடமாக்கி,
இருபத்தாறு கன்டோனையும் பல்லுக்குள் அடுக்கிக்கொண்டு
போயிருந்தேன்.
வாய் சொன்னது:
"கூட்டுறதுக்கு வசதி."

ஒருவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை.
மற்றவர் எழுதினார்.
அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்த டொச் எல்லாம்
சுகமில்லை என்று வேலைக்கு வராத ஆள் மாதிரி
கூப்பிடக் கூப்பிட எடுக்கவேயில்லை.

உள்ளூர் அறிவு போதாதாம்.
ஆறு மாதம் கழித்து மறுபடி வரட்டாம்.
கடிதத்தின் தலையில் நகரசபைச் சின்னம்,
என் செம்மஞ்சள் சட்டையின் முதுகில் இருக்கிற அதே சின்னம்.
சம்பளச் சீட்டும் அன்றைக்கே வந்தது,
ஒரே அளவு உறையில்.

சுகிர்தா முதல் தரமே எடுத்துவிட்டாள்.
சிவப்புக் கடவுச்சீட்டை அலுமாரியில்
எனக்கு எட்டாத தட்டில், கம்பளிக்குக் கீழே வைத்திருக்கிறாள்.
இரக்கம். அதுவே கண்ணில் குத்துகிறது.
"இரண்டாந்தரம்தானே, பயப்படாமல் போங்கோ" என்றாள்.
அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டென்று
சொன்ன பிறகுதான் அவளுக்கும் கேட்டது.
தேத்தண்ணி ஆறும்வரை
நாங்கள் இருவரும் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இப்போது அட்டைகள்.
வண்டிக் கண்ணாடியில், வைப்பருக்கு எட்டாத மூலையில்.
குப்பை லொறி ஓட்டும் அடெரித்தோ, போர்த்துக்கல்காரன்,
சந்தியில் பக்கத்தில் வந்து நிறுத்திக் கேட்பான்:
"வாக்குச்சீட்டு எத்தனை வாரத்துக்கு முன்னம் வரும்?"
பிழையாகச் சொன்னால் ஹோர்ன் அடிப்பான்.
மூன்றாம் மாடி யன்னல் திறந்து ஒரு கிழவர்
சுத்தமான பேர்ன் டொச்சில் ஏசுவார்.
அந்த வசவும் இப்போது பாடம். உள்ளூர் அறிவு.

நடைபாதைக் கதை நூலகத்தில் கிடைத்தது.
லாங்கெட்டெ ஆறு பெருகினால்
ஆற்றை இந்தத் தெருவுக்குள்ளேயே விட்டார்களாம்.
தெருதான் வாய்க்கால்.
சனம் மேலே நடந்து பாண் வாங்கப் போனதாம்.
பிறகு சுரங்கம் வெட்டினார்கள்,
வெள்ளம் வேறு பக்கமாய்ப் போனது.
நான் வந்தபோது தெரு காய்ந்து கிடந்தது.

காய்ந்த தெருவில் வெள்ளத்தை எப்படிப் பார்ப்பது
என்று புத்தகத்தை மூடிவிட்டுக் கோபப்பட்டேன்.
வீடு வரும் வழியில் கோபம் திரும்பி என்னையே பார்த்தது.
பதினான்கு வருடம்.
ஒரு நாளாவது ஏன் என்று நான் கேட்கவில்லையே.
அவர்கள் கேட்டதில் பிழையில்லை.
இதை இன்னும் சுகிர்தாவுக்குச் சொல்லவில்லை.

போன வியாழன் வண்டியின் தண்ணீர்த்தொட்டி வாய் கழன்றது.
முழுத் தொட்டியும் தெருவில்.
ஓடிப்போய் மூன்று படி ஏறி நின்றேன்.
சிகரெட் கட்டை, இலை, கிழித்த லொத்தர்ச் சீட்டு
எல்லாம் கீழே வரிசையாய் ஸ்டேஷன் பக்கம் போயின.
சப்பாத்து நனையவில்லை.
நாலரை மணிக்குத் தனியே நின்று சிரித்தேன்,
பிறகு தொட்டியை யார் நிரப்புவது என்று ஞாபகம் வந்தது.

செவ்வாய், பத்தேகால்.
அந்த அம்மா இந்தத் தரம் வேறு ஏதாவது கேட்பா.
சீஸ், மலை, பக்கத்து ஊரின் பெயர்.
கேட்கட்டும்.
நடைபாதை ஏன் உயரம் என்று
கேட்காவிட்டாலும் சொல்லிவிட்டுத்தான் எழும்புவேன்.
மருந்துக்கடை முன்னால்
மூன்றாம் படி உடைந்திருப்பதையும்.